ஓர் அலைவரிசை, இரு குரல்கள்

பகலில் தெளிவாக ஒலிக்கும் வானொலி நிலையம் இரவானதும் மங்குவதும், அதன் குரலுக்கு அடியில் வேறொரு மொழியில் வேறொரு குரல் எழுவதும் மத்திய அலை கேட்டுப் பழகியவர்களுக்குப் புதிதன்று. பண்பலை வந்த பிறகு இந்தத் தொல்லை ஒழிந்துவிட்டது என்று பலர் எண்ணினர். ஆனால், ராமநாதபுரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி கடற்கரை ஊர்களில், காற்று அடங்கிய சில மாலைகளில் உள்ளூர்ப் பண்பலை ஒலிக்க வேண்டிய இடத்தில் கடல் கடந்து வரும் நிலையம் ஒலிப்பதுண்டு. இரு நிலையங்களின் அலைகள் ஒன்றையொன்று இடையூறு செய்யும் இந்த நிகழ்வுக்கு அலைக் குறுக்கீடு என்று பெயர்.

திரைப்பாடல் ஒன்று பாதியில் கலைந்துபோனால் பெரிய இழப்பில்லை. புயல் எச்சரிக்கை கலைந்துபோனால் அது உயிர்ப் பிரச்னை. மின்சாரமும் செல்லிடப்பேசிக் கோபுரமும் செயலிழந்த இரவில், மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டிதான் பல வீடுகளுக்கு எஞ்சும் ஒரே செவி. அந்தச் செவிக்கு எது, ஏன் இடையூறு செய்கிறது, கேட்போர் அதற்கு என்ன செய்ய இயலும் என்பதை அறிந்துவைத்திருப்பது நல்லது.

ஏரியும் மடையும்

ஓர் ஏரியின் நீரைப் பல ஊர்கள் பகிர்ந்துகொள்ளும்போது முறை வைத்து மடை திறப்பது நம் வழக்கம். எல்லோரும் ஒரே நேரத்தில் தம் விருப்பப்படி மடையைத் திறந்தால் கடைமடைக்கு நீர் போய்ச் சேராது. வானொலி அலைகளின் கதையும் இதுவே. அலைவெண்களின் பரப்பு வரையறைக்கு உட்பட்டது. அதில் எந்த நிலையம் எந்த இடத்தில், எவ்வளவு வலுவுடன், எந்த நேரத்தில் ஒலிபரப்ப வேண்டும் என்பதற்கு முறை தேவைப்படுகிறது.

முறை இல்லாத காலமும் இருந்தது. 1912 ஏப்ரல் 14 இரவு, டைட்டானிக் கப்பலின் தந்தி இயக்குபவர் பயணிகளின் செய்திகளைக் கரை நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அருகில் பனிக்கட்டிகளுக்கிடையே நின்றுவிட்ட கலிபோர்னியன் என்ற கப்பல், தன் நிலையைத் தெரிவிக்க முயன்றது. மிக அருகிலிருந்து வந்த அந்த வலிய அலை, தொலைவிலுள்ள கரை நிலையத்தின் மெல்லிய அலையை மூழ்கடித்தது. எரிச்சலுற்ற டைட்டானிக் இயக்குபவர் குறுக்கே வராதிருக்கும்படி பதில் அனுப்பினார். கலிபோர்னியன் கப்பலின் இயக்குபவர் சற்று நேரத்தில் தன் கருவியை அணைத்துவிட்டு உறங்கச் சென்றார். அதன் பின் சில நிமிடங்களில் பனிப்பாறை மோதியது. காப்பாற்றியிருக்கக்கூடிய செய்தி, குறுக்கீடாகவே கேட்கப்பட்டது. அந்த ஆண்டே அமெரிக்கா வானொலி உரிமச் சட்டத்தை இயற்றியது.

ஆயினும் அச்சட்டம் போதவில்லை. நிலையங்களின் அலைவெண்ணைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசுத் துறைக்கு இல்லை என 1926இல் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்ததும், அமெரிக்க நிலையங்கள் பல தம் விருப்பம்போல் அலைவெண்ணையும் வலுவையும் மாற்றிக்கொண்டன. ஒன்றன்மீது ஒன்று ஏறி ஒலித்த அந்தக் குழப்பத்துக்கு, 1927 பிப்ரவரியில் வந்த புதிய வானொலிச் சட்டமே முற்றுப்புள்ளி வைத்தது. அலைவெளி பொதுச்சொத்து, உரிமம் பெற்றவர் அதன் பொறுப்பாளரே அன்றி உரிமையாளர் அல்லர் என்ற கொள்கை அந்த அனுபவத்தில் வேரூன்றியது.

ஒன்பதின் மடங்கு

நம் பகுதியில் மத்திய அலை எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பதை எளிய கணக்கால் அறியலாம். சென்னையின் முதன்மை நிலையம் 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சி 936, கோவை 999, திருநெல்வேலி 1197. இவை அனைத்தும் 9-ஆல் மீதமின்றி வகுபடும். இலங்கையின் வடமேற்குக் கரையில் புத்தளத்திலிருந்து ஒலிக்கும் வலிய நிலையத்தின் 882-ம் அவ்வாறே. இது தற்செயலன்று. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் சார்பில் ஜெனீவாவில் 1975இல் நடந்த மாநாடு, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளுக்கு மத்திய அலையை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி கொண்ட தடங்களாக வகுத்தது. அத்திட்டம் 1978 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கக் கண்டங்களில் இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ்.

இடைவெளி சீராக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. இரு நிலையங்களின் ஊர்தி அலைகள் மிகச் சிறிய வேறுபாட்டில் அமைந்தால், அந்த வேறுபாடே ஒரு சீழ்க்கை ஒலியாகப் பெட்டியில் கேட்கும். 1 கிலோஹெர்ட்ஸ் வேறுபாடு செவியைத் துளைக்கும் சீழ்க்கையாகும். எல்லோரும் ஒரே அளவுகோலின் கோடுகளில் நின்றால், ஒரே தடத்தில் இருப்பவர்களுக்கிடையே வேறுபாடு ஏறக்குறைய இல்லாமற்போகும்; பக்கத்துத் தடத்துடன் 9 கிலோஹெர்ட்ஸ் வேறுபாடு இருக்கும். அந்த உச்ச ஒலியைப் பெட்டியின் சிறிய ஒலிபெருக்கி பெரும்பாலும் எழுப்பாது.

ஆனால், தடங்கள் ஏறத்தாழ 120 மட்டுமே. உலகில் நிலையங்களோ ஆயிரக்கணக்கில். ஆகவே, ஒரே தடத்தைத் தொலைவிலுள்ள பல நிலையங்கள் பகிர்ந்துகொண்டே ஆகவேண்டும். பகலில் இதனால் சிக்கல் இல்லை. நிலத்தின் மீது சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் உருவாகும் அயனிப் படலம், மேல்நோக்கிச் செல்லும் மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. தரையையொட்டிச் செல்லும் அலை மட்டுமே நம்மை வந்தடையும். சூரியன் மறைந்ததும் அந்தக் கீழ்ப்படலம் கலைகிறது; அதற்கும் மேலுள்ள படலங்கள் அலையை மீண்டும் பூமிக்குத் திருப்புகின்றன. எனவே, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையமும் இரவில் நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. வளைகுடா நாடுகளின் அரபுக் குரலும் சீனக் குரலும் தமிழ் நிலையத்தின் பின்னணியில் எழுவது இதனால்தான். இரண்டு வழிகளில் வந்து சேரும் ஒரே நிலையத்தின் அலைகள் ஒன்றையொன்று வலுவூட்டியும் அழித்தும் செல்வதால் ஒலி உயர்ந்து தாழ்வதும் உண்டு.

கடற்கரைக்கு மற்றொரு சிறப்பு இருக்கிறது. உப்பு நீர், நிலத்தைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஆதலால் தரையையொட்டிச் செல்லும் மத்திய அலை கடலின் மீது குறைவாகவே தேய்கிறது. பாக் நீரிணையின் இரு கரைகளிலும் உள்ளவர்கள் பட்டப்பகலிலும் ஒருவர் நிலையத்தை மற்றவர் தெளிவாகக் கேட்பது இயற்கையின் ஏற்பாடு. 1952இல் அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கியபோது தமிழகத்து நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்ப முடிந்தது எல்லை அறியாத இந்த அலைகளால்தான். கடந்து வரும் அலை, நாம் விரும்பிக் கேட்கும்போது கொடை, விரும்பாதபோது குறுக்கீடு. அலை ஒன்றே.

பண்பலையின் நியாயம்

பண்பலை வேறு விதிக்கு உட்பட்டது. 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அந்த அலைகள் பொதுவாக அயனி மண்டலத்தில் திரும்புவதில்லை. கண்ணுக்கு எட்டும் தொடுவானத்தைச் சற்றே கடந்து நின்றுவிடும். 100 மீட்டர் கோபுரத்துக்கு அந்த எல்லை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைமுகட்டிலிருந்து ஒலிபரப்பினால் 180 கிலோமீட்டரையும் தாண்டும். கொடைக்கானலின் 100.5 பண்பலை பல மாவட்டங்களை எட்டுவது அதன் உயரத்தால்.

ஒரே நகரில் உள்ள தனியார் பண்பலை நிலையங்களுக்கிடையே 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விடப்படுகிறது. சென்னையின் 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்ற வரிசையைப் பார்த்தாலே அது விளங்கும். குறைந்த வலுவுள்ள சமுதாய வானொலிகளோ ஒரே எண்ணைப் பல ஊர்களில் பகிர்ந்துகொள்கின்றன. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலையும், பாம்பனில் மீனவர்களுக்கென நடக்கும் கடல் ஓசையும் ஒலிப்பது ஒரே 90.4-இல். இரண்டுக்கும் இடையே 400 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. இத்தகைய நிலையங்களின் கதிர்வீச்சு வலுவுக்குப் பொதுவான வரம்பு 100 வாட். ஆதலால் ஒன்றின் குரல் மற்றொன்றை எட்டுவதில்லை. நன்கு திட்டமிட்ட பங்கீட்டுக்கு இது சான்று.

பண்பலையில் இரு குரல்கள் கலந்து கேட்பது அரிது. ஒரே அலைவெண்ணில் இரு அலைகள் வந்தால், சற்றே வலியதைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பெட்டி முற்றிலும் அடக்கிவிடும். கேட்பவருக்கு இது வசதிதான். ஆனால், ஆபத்தும் இதில்தான் உள்ளது. மத்திய அலையில் உள்ளூர் நிலையம் தேய்ந்தாலும் அதன் குரல் பின்னணியிலேனும் கேட்கும். பண்பலையில் தொலைநிலையம் ஒரு படி வலுத்தால் உள்ளூர் நிலையம் சுவடின்றி மறைந்துவிடும். இரண்டும் சமமாக இருக்கும் இடத்தில் செல்லும் வாகனத்தில், சில அடிகளுக்கு ஒரு முறை நிலையம் மாறி மாறி ஒலிக்கும்.

தொலைநிலையம் எவ்வாறு வலுக்கிறது? வழக்கமாக உயரே செல்லச் செல்லக் காற்று குளிரும். கடலின் மீது ஈரக்காற்று தங்கியிருக்க, அதன் மேல் வெப்பமும் வறட்சியும் மிக்க காற்றுப் படலம் போர்வைபோல் படர்ந்தால் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. அந்த இரு படலங்களுக்கிடையே பண்பலை சிக்கி, வாய்க்கால் நீர்போல் கடலின் வளைவையொட்டி நெடுந்தொலைவு ஓடுகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடும் வெகு தொலைவில் இல்லை. வழக்கமான நாளிலேயே எட்டும் அலை, இத்தகைய மாலையில் உள்ளூர் அலையை வென்றுவிடுவதில் வியப்பில்லை. இதில் எந்த நிலையத்தின் மீதும் குற்றம் இல்லை. காற்று மாறியதும் நிலைமை தானே சீராகும்.

எல்லாக் குறுக்கீடும் நிலையத்தினுடையதன்று

வானொலியில் கேட்கும் தொல்லைகளை மூன்றாகப் பிரித்தறிவது முதற்கடமை.

முதலாவது, உண்மையான நிலையக் குறுக்கீடு. வேறொரு குரல், வேறொரு இசை, அல்லது மாறாத சீழ்க்கை இதன் அடையாளம்.

இரண்டாவது, வீட்டிலும் தெருவிலும் பிறக்கும் இரைச்சல். எல்இடி விளக்கு, செல்லிடப்பேசி மின்னேற்றி, இன்வெர்ட்டர், கணினியின் மின்வழங்கி, மின்கம்பத்தில் தளர்ந்த இணைப்பு ஆகியவை மத்திய அலையை உறுமலாலும் பொரிதலாலும் நிரப்பும். மின்தடை ஏற்பட்டதும் வானொலி சட்டெனத் தெளிவடைவதைப் பலர் கவனித்திருப்பார்கள். குற்றவாளி மின்கம்பியில் இருக்கிறான் என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்றாவது, பெட்டியின் குறை. பெரும்பாலான மத்திய அலைப் பெட்டிகள், வரும் அலையை 455 கிலோஹெர்ட்ஸ் என்ற இடைநிலை அலைவெண்ணுக்கு மாற்றிப் பெருக்குகின்றன. அதன் இரு மடங்கான 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும் வலிய நிலையமும் மலிவான பெட்டிக்குள் நுழைந்துவிடும். 600-ஐ நாடும்போது 1510-இல் இருப்பவர் பேசுவது இவ்வகை. மிக அருகிலுள்ள ஒலிபரப்பியின் வலு தாங்காமல் பெட்டி திணறி, ஒரே நிலையத்தை முகப்பின் பல இடங்களில் காட்டுவதும் பெட்டியின் குறையே.

இயற்கையே இரு நிலையங்களைக் கலந்துவிடும் விசித்திரமும் உண்டு. 1933இல் நெதர்லாந்து அறிவியலாளர் டெலகன், சுவிட்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டர் நிலையத்தைக் கேட்டபோது, முற்றிலும் வேறு அலைவெண்ணில் ஒலித்த லக்சம்பர்க் நிலையத்தின் நிகழ்ச்சி அதன் பின்னணியில் கேட்டது. வலிய ஒலிபரப்பு அயனி மண்டலத்தையே அசைத்து, அதன் வழியே செல்லும் மற்றோர் அலையின் மீது தன் குரலைப் பதித்துவிட்டது. லக்சம்பர்க் விளைவு என்று இன்றும் அது வழங்கப்படுகிறது.

இவை தவிர, வேண்டுமென்றே செய்யப்படும் குறுக்கீடு ஒன்றுண்டு. பனிப்போர்க் காலத்தில் சோவியத் ஒன்றியம் மேலைநாட்டு ஒலிபரப்புகளின் மீது இரைச்சலை ஏவியது. 1987, 1988ஆம் ஆண்டுகளில்தான் அதைக் கைவிட்டது. நேயர்களோ அந்த ஆண்டுகளிலெல்லாம் அலைவெண் மாற்றி, நேரம் மாற்றி, நகரை விட்டு வெளியே சென்றும் கேட்டார்கள்.

கேட்போர் செய்யக்கூடியவை

முதலில், வானொலிப் பெட்டியை மின்கலத்தில் இயக்கி, வீட்டின் முதன்மை மின்விசையை ஒரு நிமிடம் அணைத்துப் பார்க்க வேண்டும். தொல்லை நின்றால் அது வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. விளக்குகளையும் மின்னேற்றிகளையும் ஒவ்வொன்றாக இயக்கினால் எது காரணம் என்பது தெரிந்துவிடும். நிற்காவிட்டால், பெட்டியுடன் தெருவில் நடந்து பார்க்கலாம். ஒரு மின்கம்பத்தை நெருங்க நெருங்க இரைச்சல் கூடினால் புகார் மின்வாரியத்துக்கு உரியது. இன்னொரு பெட்டியில் அதே நேரம் அதே நிலையத்தைக் கேட்பதும் பயன் தரும். அதில் தொல்லை இல்லையெனில் பழுது நம் பெட்டியில் உள்ளது.

உண்மையான நிலையக் குறுக்கீடுதான் என உறுதியானால், மத்திய அலையில் முதல் மருந்து பெட்டியைத் திருப்புவது. காசு செலவில்லாத இந்த உத்தியைப் பலர் அறியார். மத்திய அலைக்கான அலைவாங்கி, பெட்டியின் உள்ளே நீளவாக்கில் கிடத்தப்பட்ட ஃபெர்ரைட் தண்டு. தண்டின் பக்கவாட்டிலிருந்து வரும் அலையை அது நன்கு ஏற்கும். தண்டின் முனை நோக்கும் திசையிலிருந்து வருவதை ஏறக்குறைய ஏற்காது. எனவே, விரும்பும் நிலையத்தைப் பிடிக்க முயல்வதைவிட, விரும்பாத நிலையத்தை ஒழிக்க முயல்வதே அறிவுடைமை. பெட்டியை மெல்லச் சுழற்றி, குறுக்கிடும் குரல் மிகவும் மங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

ராமேசுவரத்தைக் கொண்டு திசைகளை விளக்கலாம். அங்கிருந்து பார்த்தால் திருநெல்வேலி மேற்கு–தென்மேற்கில் இருக்கிறது, புத்தளம் தெற்கு–தென்கிழக்கில். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ செங்கோணம். பெட்டியின் முனையைப் புத்தளத்தின் பக்கம் திருப்பினால் அதன் அகன்ற பக்கம் திருநெல்வேலியை நோக்கும். இதைவிடச் சாதகமான அமைப்பு கிடையாது. திருச்சியோ புத்தளத்துக்கு நேர் எதிர்த்திசையில் உள்ளது. தண்டின் இரு முனைகளும் செவிடு என்பதால், ஒன்றை ஒழித்தால் மற்றதும் ஒழியும். இவ்விடத்தில் திருப்புவது பயன்படாது. இரவில் வானிலிருந்து இறங்கிவரும் அலைக்கும் இந்த உத்தியின் பலன் குறையும்.

பண்பலையில் நீட்டிக் கம்பியின் சாய்வையும் திசையையும் மாற்றிப் பார்க்க வேண்டும். அருகிலுள்ள நிலையத்தின் வலு மிகுந்து பெட்டி திணறினால் கம்பியை முழுவதும் நீட்டாமல் சுருக்குவதே நல்லது; நீளமான கம்பி எப்போதும் நன்மை என்பது தவறான எண்ணம். ஸ்டீரியோ, மோனோ தேர்வு இருந்தால் மோனோவுக்கு மாற்றினால் இரைச்சல் பெருமளவு அடங்கும். கடற்கரை வீடுகளில், நிலையத்தின் திசையை மட்டும் நோக்கும் வெளிப்புற அலைவாங்கி நிலையான தீர்வாகும். ஒரு காலத்தில் மாடிகளை அலங்கரித்த தொலைக்காட்சி அலைவாங்கிகளின் உறவினர் அது. செல்லிடப்பேசியில் பண்பலை கேட்போர், காதணிக் கம்பியே அலைவாங்கி என்பதை மறக்கலாகாது. அதைச் சுருட்டிவைத்தால் ஒலி கெடும். பண்பலை வசதியுள்ள கைப்பேசிகளில் அதை முடக்காமல் வைத்திருக்குமாறு மத்திய அரசு 2023இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியதற்குப் பேரிடர்க் காலப் பயன்பாடும் ஒரு காரணம்.

மூன்றாவது, மாற்று வழியை முன்னரே அறிந்துவைத்திருத்தல். ஒரே செய்தியறிக்கையைப் பல நிலையங்கள் அஞ்சல் செய்கின்றன. தம் ஊரில் பகலில் எது தெளிவு, இரவில் எது தெளிவு என்று இரண்டு மூன்று அலைவெண்களைக் குறித்து, பெட்டியின் மீதே ஒட்டிவைப்பது புயல் காலத்தில் பேருதவியாகும்.

முறையிடுவது எப்படி?

தொல்லை நாள்தோறும் அதே நேரத்தில், அதே அலைவெண்ணில் தொடர்ந்தால் முறையிடுவது கேட்போரின் உரிமை, கடமையும்கூட. ஒலிபரப்பும் நிலையத்துக்குத் தன் அலை எங்கே தேய்கிறது என்பதைச் சொல்லவல்லவர் நேயர் ஒருவரே. ஆனால், ‘சரியாகக் கேட்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் பொறியாளருக்கு எதுவும் விளங்காது.

சிற்றலை நேயர்கள் பல பத்தாண்டுகளாகக் கையாளும் ‘சின்போ’ என்ற ஐந்து இலக்கக் குறியீடு இதற்கு உதவும். அலையின் வலு, குறுக்கீடு, இரைச்சல், அலைப் பரவலின் ஏற்றத்தாழ்வு, ஒட்டுமொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 5 என்பது சிறந்த நிலை. 42432 என்று ஒருவர் எழுதினால், அலை வலுவாக இருக்கிறது, குறுக்கீடு கடுமை, இரைச்சல் குறைவு, ஏற்றத்தாழ்வு நடுத்தரம், மொத்தத்தில் கேட்பது கடினம் என்று பொருள். சிக்கல் குறுக்கீட்டில்தான் என்பதைப் பொறியாளர் ஒரு பார்வையில் அறிந்துகொள்வார். வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்புகளுக்கு இத்தகைய அறிக்கைகளை எழுதி, பதிலுக்கு வண்ண அட்டைகளைப் பெற்றுச் சேகரித்த நேயர்கள் தமிழகத்துச் சிற்றூர்களிலும் இருந்தனர்.

குறியீட்டுடன் நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அலைவெண், ஊர், பெட்டியின் வகை, குறுக்கிட்ட நிலையத்தின் மொழி, மணிக்கணக்கில் வரும் நிலைய அறிவிப்பு ஆகியவற்றையும் எழுத வேண்டும். செல்லிடப்பேசியில் ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்து இணைத்தால் வழக்கு வலுப்பெறும். ஒரு நாள் அனுபவத்தைக்காட்டிலும் ஒரு வாரக் குறிப்பு மதிப்புடையது. காற்றின் விளையாட்டாக இருந்தால் அது வந்து போகும். நாள் தவறாமல் தொடர்வது மனிதர் செய்கையாகத்தான் இருக்கும்.

முதல் முறையீடு, நாம் கேட்க விரும்பிய நிலையத்தின் பொறியியல் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அலைவெண் உரிமங்களை வழங்குவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள கம்பியில்லாத் தொடர்புத் திட்டமிடல் பிரிவு. அலைகளைக் கண்காணிக்கும் அமைப்பு ஒன்றும் அத்துறையில் உண்டு. அதன் நிலையங்களுள் ஒன்று சென்னையில் இருக்கிறது. குறுக்கிடும் அலை எத்திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் கருவிகள் அவர்களிடம் உள்ளன. மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளம் வழியாகவும் குடிமக்கள் அத்துறைக்கு எழுதலாம். குறுக்கிடுவது வெளிநாட்டு நிலையமாயின், பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகளின்படி இரு நாட்டு நிர்வாகங்களும் பேசித் தீர்க்க வேண்டும். அங்கே தனிமனிதர் நேரடியாக வாதாட முடியாது. அவர் தரும் குறிப்பு, அரசின் வாதத்துக்குச் சான்றாகும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. உரிமமின்றி ஒலிபரப்பியை இயக்குவதும், அலைத்தடுப்புக் கருவியைப் பொருத்துவதும் சட்டப்படி குற்றம். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் இடத்தைப் பெற இயற்றப்பட்ட 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. இதற்குத் தக்க காரணம் இருக்கிறது. பண்பலை முடியும் 108 மெகாஹெர்ட்ஸில்தான் விமானங்களின் அலைப்பகுதி தொடங்குகிறது. ஓடுபாதையின் நேர்கோட்டை விமானிக்குக் காட்டும் கருவி 108-க்கும் 112-க்கும் இடையே இயங்குகிறது. தரமற்ற சிறு ஒலிபரப்பியிலிருந்து வழியும் அலை அங்கே நுழைந்தால் விளைவு விபரீதமாகும். விளையாட்டாகத் திருவிழாவுக்குப் பண்பலை நடத்துவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

அரசு செய்யவேண்டியவை

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியபோது, முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்த பின், டெல்டா மாவட்டங்களின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. இரண்டு பேரிடர்களும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன: எச்சரிக்கை விடுத்தால் மட்டும் போதாது, அது கேட்கப்பட வேண்டும்.

மத்திய அலையைப் பல நாடுகள் கைவிட்டு வருகின்றன. ஜெர்மனியின் பொது வானொலி 2015ஆம் ஆண்டின் இறுதியில் அதை நிறுத்திவிட்டது. இங்கே பல மத்திய அலை ஒலிபரப்பிகள் எண்ம முறையையும் ஏற்றுள்ளன. ஆனால், அதைக் கேட்கத் தனிப் பெட்டி வேண்டும். பழைய பெட்டியில் எண்ம அலை வெறும் இரைச்சலாகவே கேட்கும். கடலின் மீது தேயாமல் செல்லும் மத்திய அலையின் இயல்பைப் பண்பலையால் ஈடுசெய்ய இயலாது. ஆகவே, கடலோர நிலையங்களின் எதிர்காலத்தை முடிவு செய்யும்முன், அவை கடலில் எவ்வளவு தொலைவில், எந்த நேரத்தில், எந்தக் குறுக்கீட்டுக்கிடையே கேட்கின்றன என்பதை அளந்து பார்ப்பதே முறை. விசைப்படகு உரிமையாளர்களும் நாட்டுப்படகு மீனவர்களும் இந்த அளவீட்டுக்குச் சிறந்த துணையாவர்.

கேட்போரின் முறையீட்டுக்குத் தமிழில் எளிய படிவம் ஒன்று வேண்டும். அலைவெண், நேரம், ஊர், ஐந்து மதிப்பெண் ஆகியவை மட்டும் போதும். பள்ளி மாணவரும் நிரப்பிவிடலாம். மாவட்டப் பேரிடர் மேலாண்மை அலுவலகங்கள், அந்தந்தப் பகுதியில் பகலிலும் இரவிலும் தெளிவாகக் கேட்கும் அலைவெண்களைச் சோதித்துப் பட்டியலிட்டு, மழைக்காலத்துக்குமுன் ஊராட்சிகளிலும் மீன் இறங்குதளங்களிலும் ஒட்டலாம். செலவு காகிதத்துக்கு மட்டுமே. பாக் நீரிணையின் இரு கரைகளிலும் தமிழ் கேட்கும் மக்களே வாழ்வதால், புயல் நாள்களிலேனும் இரு நாட்டு வானொலிகளும் ஒருவர் எச்சரிக்கையை மற்றவர் அஞ்சல் செய்ய இசைந்தால், குறுக்கீடாக வந்த அலையே காவலாக மாறும். அந்த இசைவு ஏற்படும் வரையிலும், பெட்டியை எப்பக்கம் திருப்ப வேண்டும் என்பதை ஒவ்வொரு கடலோர வீடும் அறிந்திருக்கட்டும்.